ஒற்றையடிப் பாதை ஓடையாவது ஏன்?

மலையேறும் பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் இதைக் கண்டிருப்பீர்கள். ஓர் ஆள் நடக்கும் அகலமே இருந்த ஒற்றையடிப் பாதை, சில ஆண்டுகளில் முழங்கால் ஆழப் பள்ளமாகிவிடுகிறது. மரவேர்கள் வெளியே தெரிகின்றன. பக்கத்தில் இரண்டாவது பாதை ஒன்று, அதற்குப் பக்கத்தில் மூன்றாவது.

மாணவர்களுடன் ஒரு குன்றில் ஏறியபோது, வளைந்து செல்லும் பாதையை விட்டுச் செங்குத்தான குறுக்குவழியில் நானும் ஏறினேன். மழைக்காலம் கழிந்து மீண்டும் சென்றபோது அந்தக் குறுக்குவழி ஓடையாகியிருந்தது. மண்ணை அரித்தது மழையா, எங்கள் காலா? இரண்டும்தான். எப்படி என்று பார்ப்போம்.

காலின் வேலை

நாம் நடக்கும்போது ஒரு கணம் உடல் எடை முழுவதும் ஒரே பாதத்தின் மீது நிற்கிறது. எடை 60 கிலோகிராம், பாதத்தின் பரப்பு 150 சதுர செ.மீ. எனக் கொள்வோம். ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணும் 400 கிராம் தாங்குகிறது. குதிகால் மட்டும் ஊன்றும்போது அழுத்தம் இன்னும் அதிகம்.

நல்ல மண்ணின் கனஅளவில் ஏறக்குறைய பாதி வெறும் துளைகளே. மிதிபடும்போது பெரிய துளைகள் முதலில் நசுங்குகின்றன. மழைநீரை விரைவாக உள்ளே வாங்குபவையும் அவைதான். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அடியில் துளையிட்ட இரண்டு டப்பாக்களில் தோட்டத்து ஈரமண்ணை நிரப்புங்கள். ஒன்றை மட்டும் நன்றாக அழுத்திவிட்டு, இரண்டிலும் ஒரு தம்ளர் நீர் ஊற்றுங்கள். அழுத்திய மண்ணின் மேல் நீர் நெடுநேரம் தேங்கி நிற்கும். மலைச்சரிவில் அவ்வாறு நிற்க இடமேது? அது ஓடத் தொடங்குகிறது.

நீரின் வேலை

ஓடும் நீர் ஒரு கல்லைத் தள்ளும் விசை, கல்லின் முகப்புப் பரப்பையும் நீரின் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. கல்லின் எடையோ அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. இரண்டையும் சமன் செய்தால், நகரக்கூடிய கல்லின் விட்டம் வேகத்தின் இருமடிக்கும், எடை வேகத்தின் ஆறாம் மடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். அதாவது வேகம் இரட்டித்தால் நீர் 64 மடங்கு எடையுள்ள கல்லை உருட்டும்! மணலை மட்டும் இழுத்த நீர் கூழாங்கற்களையும் இழுத்துச் செல்வது இதனால்தான்.

எனவே பாதை அமைப்போரின் முதல் கவலை நீரின் வேகத்தைக் குறைப்பதே. பாதையின் சரிவு, குன்றுச் சரிவில் பாதிக்கு மேல் இருக்கலாகாது என்பது அவர்களது விதி. சராசரியாகப் பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டருக்கு மேல் ஏறாமலிருப்பது நல்லது. பாதையின் வெளிவிளிம்பைச் சற்றுத் தாழ்த்தினால் நீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்துவிடும். நம்மைச் சலிப்படையச் செய்யும் வளைவுகளுக்குக் காரணம் இதுவே. குறுக்குவழியோ நீருக்கு நாமே வெட்டித்தரும் வாய்க்கால்.

பஞ்சாலைக் கல் காத்த பாதை

இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம் ஒரு காலத்தில் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர்கள் பலர் தடையை மீறி அதன் மீது நடந்தார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடமாடும் உரிமைக்கும் சட்டம் வந்தது. 1965இல், அதே ஏப்ரல் 24 அன்று, 431 கி.மீ. நீளமுள்ள பென்னைன் நடைபாதை திறக்கப்பட்டது.

போராடிப் பெற்ற அந்த நிலத்தை நடப்பவர்களின் கால்களே சிதைக்கத் தொடங்கின. அங்குள்ளது ‘பீட்’ எனப்படும் கரிய சதுப்பு மண்; எடையில் பெரும்பகுதி நீர். சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் விலகி நடக்க, பாதை அகன்றுகொண்டே போனது. நிலத்தை மீண்டும் மூடவில்லை. அவ்வட்டாரத்தில் மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரையிலிருந்த கற்பலகைகளை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பரப்பினார்கள்.

கல் என்ன செய்கிறது? ஒரு மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பலகையின் பரப்பு 6000 சதுர செ.மீ. அதன் மீது நிற்பவரின் எடை சதுர செ.மீ.க்கு 10 கிராமாகப் பரவுகிறது. கல்லின் எடை 150 கிலோ என வைத்து அதையும் சேர்த்தால் 35 கிராம். 400 எங்கே, 35 எங்கே!

நாம் செய்யக்கூடியது

கூட்டம் பரவி நடந்தால் சேதம் குறையும் என்று தோன்றலாம். ஆய்வுகள் காட்டுவது வேறு. பெரும் சேதத்தை விளைவிப்பவை முதல் சில காலடிகளே. ஏற்கெனவே மிதிபட்ட தடத்தில் பின்வரும் காலடிகள் சேர்க்கும் சேதம் குறைவு. ஆகவே இருக்கும் பாதையிலேயே, சேறானாலும் அதன் நடுவிலேயே நடங்கள். மழையில் ஊறிய மண் உலரும்வரை பொறுத்திருங்கள். வளைவை வெட்டிக் குறுக்கே ஏறாதீர்கள்.

பாதை கெட்டால், அதை மூடிவிடலாம் என்ற பேச்சுத்தான் முதலில் எழும். அடுத்த தலைமுறையும் அந்த மலையில் ஏறவேண்டுமானால், குறுக்குவழியில் மிச்சப்படும் ஐந்து நிமிடத்தை நாம் விட்டுக்கொடுக்க வேண்டும். நான் இப்போது வளைந்தே ஏறுகிறேன். என் மாணவர்களும்தான்.