நாலடியார்: சிறிய வெண்பாவில் பெரிய கேள்விகள்

நாலடியார் பதினெண் கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. இதில் 400 வெண்பாக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கு அடிகளால் ஆனதால் நூலுக்கு இப்பெயர் வந்தது. சமண முனிவர்கள் பாடியவற்றைப் பதுமனார் என்பவர் தொகுத்து 40 அதிகாரங்களாக வகுத்தார் என்பது மரபு. செல்வம், இளமை, உடல், சாவு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை நான்கே அடிகளில், வீட்டிலும் வயலிலும் காணும் பொருள்களைக் கொண்டு பேசுவதே இந்நூல் இன்றும் வாசகரை ஈர்ப்பதற்குக் காரணம்.

தனித்து நிற்கும் பாடல்கள்

பாண்டிய நாட்டை விட்டுப் புறப்பட்ட எண்ணாயிரம் முனிவர்கள் ஆளுக்கொரு பாடல் எழுதி வைத்துச் சென்றனர் என்றும், வையையில் எறியப்பட்ட ஏடுகளுள் எதிர்நீச்சலிட்டு வந்தவையே இவை என்றும் ஒரு கதை வழங்குகிறது. இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நூலின் ஓர் இயல்பை இக்கதை நன்கு காட்டுகிறது. ஒவ்வொரு பாடலும் தனியே நிற்கிறது. முன்பாடலைப் படிக்காதவரும் எந்தப் பக்கத்தைத் திறந்தும் தொடங்கலாம்.

நான்கு அடிகள் செய்யும் வேலை

குறள் வெண்பாவில் ஏழு சீர்கள்; நான்கடி வெண்பாவில் பதினைந்து சீர்கள். நாலடியாரின் பல பாடல்கள் நேரிசை வெண்பாக்கள். இவற்றில் இரண்டாம் அடியின் இறுதியில் ஒரு தனிச்சொல் வரும். படிப்பவர் அங்கே சற்று நின்று மூச்சு விடுகிறார். பெரும்பாலும் கருத்து ஒரு பாதியிலும் உவமை மறு பாதியிலும் அமைந்துவிடுகின்றன. எதுகையும் மோனையும் நினைவுக்குத் துணை நிற்கின்றன. சுருக்கமும் ஓசையும் சேர்வதால் நாலைந்து முறை சொன்னாலே பாடல் மனத்தில் பதிந்துவிடும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

செல்வம் நிலையாமை அதிகாரத்தின் 7ஆம் பாடலில் கதிரவன் ஒரு நாழியாகிறது. நாழி என்பது தானியம் அளக்கும் கலம். கூற்றுவன் அந்தக் கலத்தால் நம் வாழ்நாளைத் தினமும் அளந்து உண்கிறான். ஆகவே அருளோடு அறம் செய்யுங்கள் என்று பாடல் சொல்கிறது. நாழியைப் பார்த்திராத இக்காலப் பிள்ளைகளிடம், அம்மா உலைக்கு அரிசி அளக்கும் படியைச் சொன்னால் போதும். பானையில் அரிசி குறைவது உடனே கண்முன் வந்துவிடும்.

யாக்கை நிலையாமை அதிகாரத்தின் 30ஆம் பாடல், மனிதர் யாரையும் கேட்காமல் ஒரு வீட்டில் உறவாக வந்து பிறந்து, சொல்லாமலே போய்விடுவதைப் பேசுகிறது. தான் தங்கிய மரத்தை விட்டுப் பறவை தொலைவில் பறந்து போவது போல, உடலை உறவினரிடம் விட்டுவிட்டு உயிர் போகிறது. இதன் பொருளைப் பதின்மூன்று வயது மாணவரும் சரியாக எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவார். வீட்டில் ஒருவரை இழந்த நாளில் அதே மாணவருக்கு அப்பாடல் வேறொன்றாகக் கேட்கும். அப்போது உரை தேவைப்படாது. பாடல் நினைவில் இருந்தால் போதும்.

எளிமையும் ஆழமும்

இத்தகைய பாடல்களை வெறும் அறிவுரை என்று ஒதுக்குவோர் உண்டு. 'எல்லாம் அழியும்' என்ற ஒற்றை வரியாகக் கருத்தை மட்டும் பிரித்தெடுத்தால் அது எவரும் அறிந்த செய்திதான். பறவையும் படியும் சேரும்போதுதான் அறிந்த செய்தி உணர்ந்த செய்தியாகிறது.

நிலையாமையைப் பேசுவதால் இந்நூல் சோர்வைப் போதிக்கிறது என்பதும் சரியன்று. செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றின் நிலையாமைக்கு அடுத்து வரும் நான்காம் அதிகாரம் அறன் வலியுறுத்தல். நாள் குறைவு, ஆகவே நல்லதை இன்றே செய் என்பதே அந்த வரிசை சொல்லும் பொருள்.

வாசிக்கும் முறை

நாலடியாரைத் தொடர்ந்து படித்து முடிக்க முயல்வதைவிட நாளுக்கு ஒரு பாடல் படிப்பது நல்லது. முதலில் உரையைப் பாராமல் இரண்டு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு உவமையில் வரும் பொருளை மனக்கண்ணில் காண வேண்டும். உரையை அதன்பின் பார்க்கலாம். மாணவர்களுக்குத் தேர்வுக்காக மனப்பாடம் செய்விப்பதில் தவறில்லை. பாடல் அவர்களிடம் தங்க அதுவும் ஒரு வழியே. அதற்குமுன் அந்தப் பறவையையும் மரத்தையும் ஒருமுறை காட்டிவிடுவது ஆசிரியரின் கடமை.