பழைய சட்டையிலிருந்து புதிய நூல்

விளையாட்டு வீரர் அணியும் மெல்லிய, பளபளப்பான சட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையால் ஆனவை. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் வேதியியல் அறிஞர் இருவர் இவ்விழையைக் கண்டனர். பெட்ரோலியமே இதன் மூலப்பொருள். பருத்தியைப் போல் இது மண்ணில் எளிதில் மக்குவதில்லை. எரித்தாலோ காற்று மாசுறும்.

இத்தகைய ஆடையை மீண்டும் ஆடையாக்க இயலுமா? இயலும் என்று ஜப்பானின் டெய்ஜின் நிறுவனம் காட்டியது. பழைய துணியைத் துண்டாக்கி, வேதிமுறையில் மூலப்பொருளாகவே பிரித்து, சாயத்தை நீக்கி, மறுபடியும் புத்திழை நூற்றது. 2005-இல் அமெரிக்காவின் பேடகோனியா நிறுவனம், மக்கள் உடுத்தித் தேய்ந்த உள்ளாடைகளைத் திரும்பப் பெற்று இம்முறையில் புதுப்பிக்கத் தொடங்கிற்று.

ஆயினும் தடை ஒன்று உண்டு. நீண்டு சுருங்குவதற்காக எலாஸ்டேன் இழை கலந்த துணியைப் பிரிப்பது கடினம். ஜிப், பொத்தான் முதலியவற்றையும் அகற்றியாக வேண்டும். ஆகவேதான் மறுசுழற்சிப் பாலியெஸ்டரின் பெரும்பகுதி இன்றும் அதே பொருளாலான தண்ணீர்ப் புட்டிகளிலிருந்து வருகிறது. பழைய ஆடையிலிருந்து வருவது மிகச் சிறிதே.

எனவே, ஆலைகள் யாவற்றையும் சீர்செய்துவிடும் என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. பொருளை உடனே எறியாமல் மீண்டும் பயன்படுத்துவதும் அன்புச் செயலாகலாம் என்று, திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் கற்பிக்கிறது. கிழிந்ததைத் தைப்போம். அண்ணனுக்குச் சிறிதானதைத் தம்பிக்கு உடுத்துவோம். எஞ்சியதைத் துவைத்து மடித்து, பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபை வழியாக எளியோர்க்கு அளிப்போம். புதிது வாங்குமுன், 'இது தேவைதானா?' எனக் குடும்பமாக வினவுவோம். இறைவன் தந்த இப்பூமி நம் பிள்ளைகளுக்கும் உரியதன்றோ!