கேட்காமலே பிழை திருத்தலாமா?

கல்கி 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' கதைக்கு விக்கிரமன் எழுதிய தொடர்ச்சிதான் 'நந்திபுரத்து நாயகி'. அந்த ஆசை இன்றும் தீரவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள், வந்தியத்தேவன் கதையை வேர்டில் டைப் செய்து எனக்கு அனுப்புகிறார்கள். கதை எப்படி என்றுதான் கேட்கிறார்கள். பிழை பார்க்கச் சொல்வதில்லை.

'வந்தியத்தேவன் வாலை உருவினான்' என்றிருந்தால்? பொருளே மாறும் இதை மட்டும் உடனே, தனியாகச் சொல்லிவிடுவேன். சந்திப் பிழைகள் காத்திருக்கலாம். பக்கமெல்லாம் சிவப்பாக்கினால் புதியவர் எழுதுவதையே விட்டுவிடுவார்.

முதலில் கதையைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். பிறகு, 'பிழைகளைக் குறிக்கட்டுமா?' என்று கேளுங்கள். சரி என்றால், சொல்லை செலக்ட் செய்து கண்ட்ரோல், ஆல்ட், எம் கீகளைச் சேர்த்து அழுத்தவும். ஓரத்தில் கமெண்ட் பெட்டி கிடைக்கும். அதில் எழுதினால் கதை மாறாது. திருத்துவது எழுதியவர் விருப்பம்.