வந்துகினு இருக்கேன்

கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு ஆரோவில் பக்கம் திரும்பினால் குயிலாப்பாளையம். கடைத்தெரு முழுக்க வாடகை ஸ்கூட்டரும் விருந்தினர் விடுதியும்தான். ஆனால் 1968இல் ஆரோவில் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த ஊர் இது.

ஆறு மாத விசாவில் வந்து தங்கியிருப்பவர் "ஐ ஆம் லிவிங் இன் குயிலாப்பாளையம்" என்றால் அது சரி. தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருப்பவரும் அதையே சொன்னால், ஆங்கிலக் காதுக்கு அவர் மூட்டை கட்டத் தயாராகிவிட்டதுபோலக் கேட்கும். அவருக்கு உரியது "ஐ லிவ்".

'இங்' என்றால் 'கொண்டிருக்கிறேன்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். பாதி உண்மை. 'இங்' சொல்வது காலத்தை அல்ல, காரியம் இன்னும் முடியவில்லை என்பதை. "த பஸ் இஸ் ஸ்டாப்பிங்" என்றால் சக்கரம் உருள்கிறது, குதித்துவிடாதீர்கள். இதற்கு விழுப்புரம் பக்கத்துப் பேச்சிலேயே ஆள் இருக்கிறது: "வந்துகினு இருக்கேன்."

எல்லா வினைக்கும் இது ஒட்டாது. "வழி தெரிந்துகொண்டிருக்கிறது" என்று யாராவது சொல்வோமா? தெரியும், அவ்வளவுதான். அறிவும் விருப்பமும் நடுவில் நிற்கும் காரியங்கள் அல்ல. தமிழில் தவறாத நாம் ஆங்கிலத்தில் மட்டும் "ஐ ஆம் நோயிங்" என்கிறோம். இந்திய ஆங்கிலக் கவிஞர் நிஸிம் எசக்கியேல் 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' என்ற கவிதை முழுவதையும் இந்தப் பழக்கத்தை வைத்தே எழுதிச் சிரிக்கவைத்தார். எனக்கென்னவோ, 'இங்' சேர்த்தால் மரியாதை கூடுவதாக நினைக்கிறோமோ என்று ஒரு சந்தேகம்.

உண்மையான வில்லங்கம் உடையில்தான். "ஷி இஸ் வேரிங் எ சாரி" என்றால் கட்டியாயிற்று, உடுத்தியிருக்கிறாள். தமிழில் "புடவை கட்டிக்கொண்டிருக்கிறாள்" என்றாலோ, கட்டி முடித்தவளும் ஆகலாம், கண்ணாடி முன் கொசுவம் மடிப்பவளும் ஆகலாம். இரண்டாமவளுக்கு ஆங்கிலத்தில் 'புட்டிங் ஆன்' என்று வேறு வினை. அதுபோலத்தான் 'சிட்டிங்': உட்காரப் போகிறவர் அல்ல, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்.

நாளைய பயணத்துக்கும் 'இங்' வரும். "ஐ ஆம் லீவிங் டுமாரோ" என்றால் டிக்கெட் எடுத்தாயிற்று என்று பொருள். வெறும் ஆசை இல்லை.

எத்தனை காலம் என்று கணக்கையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த 'லிவ்', 'லிவிங்' பிடிவாதம் தளரும். "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர்" என்று தொடங்கி, விசாக்காரர் மாதக் கணக்கையும் சொல்லலாம், ஊர்க்காரர் வருடக் கணக்கையும் சொல்லலாம்.