கேள்வித்தாளும் லயன் அறையும்

கட்டிடக்கலை என்றால் நமக்குக் கோயில். விட்டால் பணக்காரன் பங்களா. நவீனத்துவம் குறித்துப் பக்கம் பக்கமாக விவாதித்த நம் சிறுபத்திரிகைகளும் அதைக் கவிதையிலும் ஓவியத்திலுமே தேடின. மனுசன் படுத்துத் தூங்குகிற நாலு சுவருக்குள் நவீனத்துவம் என்ன செய்தது என்று நாம் கேட்கவேயில்லை. அப்படிக் கேட்டால் எதிர்ப்படுகிற பெயர்களில் முக்கியமானது இலங்கையின் மினட் டி சில்வா (1918–1998).

கண்டிக்காரர். பம்பாயில் படிக்கும்போது, காந்தி கைதை எதிர்த்த மாணவர் போராட்டத்தில் சேர்ந்ததற்காகக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்பு லண்டனில் படித்து, 1948இல் பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர்களின் ராயல் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் ஆனார். லெ கொர்பூசியேவின் நண்பர்; ஆனால் நகல் அல்ல. கண்டியில் கருணாரத்ன வீட்டை (1949–51) மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்யாமல் சரிவோடு சேர்த்தே கட்டினார். கான்கிரீட்டோடு உள்ளூர்க் கைவினைஞர்களின் தும்பறைப் பாய் நெசவும் சுடுமண் ஓடுகளும் அதில் இடம்பெற்றன. வெப்பமண்டல நவீனத்துவம் என்றதும் ஜெஃப்ரி பாவா பெயரையே சொல்லும் வரலாறு, அவருக்கு முன்பே தொடங்கிவிட்ட இந்தப் பெண்ணை ஓரங்கட்டியது தற்செயல் அல்ல.

என்றாலும் அவருடைய பெரிய காரியம் ஒரு கேள்வித்தாள்தான். கண்டியில் அரசு ஊழியர்களுக்கான வட்டபுளுவ குடியிருப்பை (1958) வடிவமைக்கும் முன், அங்கே குடிவரப் போகிறவர்களிடம் எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டார். பதில்களுக்கேற்பப் பலவகை வீடுகள் உருவாயின. தமிழருக்கெதிரான வன்முறை வெடித்த அதே 1958இல், பல இனத்தவரும் மதத்தவரும் அடுத்தடுத்து வாழ்வதற்கென எழுந்த குடியிருப்பு அது.

இங்கே நாம் நின்றுவிட முடியாது. அந்தக் கேள்வித்தாள் கண்டியைச் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களின் லயன்களுக்குப் போகவில்லை. மினட்டுக்கு லண்டனில் அங்கீகாரம் கிடைத்த அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. இத்தனைக்கும் அவருடைய தாய் ஆக்னஸ் டி சில்வா பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். தோட்டத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்கு என்று டொனமூர் ஆணைக்குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று பதில் சொன்னவர். தாய் வாக்குச்சீட்டில் தாண்டிய கோட்டை மகளின் காலத்து வீட்டுத் திட்டம் தாண்டவில்லை. இதைத் தனிமனிதக் குறையாகச் சுருக்க வேண்டாம். யாரிடம் கேட்பது என்பதை வரைபடத்துக்கு முன்பே அரசும் மூலதனமும் தீர்மானித்துவிடுகின்றன.

அங்கே லயன், இங்கே அவிநாசியிலும் திருப்பூரிலும் லைன் வீடு. ஒரே ஆங்கிலச் சொல், ஒரே தர்க்கம்: கூலியாளை வரிசையில் அடுக்கு. ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் அட்டை, எல்லாருக்கும் பொதுக் கக்கூஸ். பனியன் கம்பெனிக்குத் தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வருகிறவர்களுக்கு இதுதான் கட்டிடக்கலை. பின்னலாடை எந்த அளவில், எந்த நிறத்தில் வேண்டுமென்று கடல்கடந்த வாடிக்கையாளரிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிற ஊர் இது. நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்க அட்டைக்குக் கீழே பகல்ல எப்படித் தூங்குவாங்க, ராத்திரி கக்கூசுக்குப் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கணும் என்று யார் கேட்டது? தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் இந்தக் கேள்விகளும் ஏற வேண்டும்.