தையல் தடம் – 7: சபை வாங்கும் சட்டை

தைப்பொங்கலுக்கு முதல் நாள் கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லைக்கு ஏறும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. கட்டுநாயக்க, பியகம என்று வேலைக்குப் போன பிள்ளைகள் பைகளோடு வீடு திரும்பும் நாள் அது. நக்கிள்ஸ் மலைச்சரிவில் கொழுந்து பறித்த அம்மாமாரின் மகள்மார் இவர்கள். அம்மா லயத்தில் வளர்ந்தவள், மகள் கார்மென்ட்ஸில் ஒரு 'லைனில்' தைக்கிறாள். லயமும் லைனும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவைதாம். அம்மாவுக்கு நோம், மகளுக்கு டார்கட். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணிக்கு இத்தனை உருப்படி முடியாவிட்டால் லைன் முழுவதும் பேச்சுக் கேட்க வேண்டும் என்று மகள் சொல்கிறாள்.

2011 மே 30ஆம் திகதி கட்டுநாயக்கவில் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கிய தொழிலாளர்களைப் பற்றியும், பொலிஸ் சூட்டில் உயிரிழந்த ரொஷேன் ஷானகவைப் பற்றியும் சென்ற வாரம் எழுதினேன். அந்தச் சட்டமூலம் திரும்பப் பெறப்பட்டது. உழைப்பவர்கள் திரண்டு நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. இந்த வாரம் எதிர்ப்பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்போம்: வாங்குபவர்.

வாங்குபவர் என்றதும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் இருக்கும் பெரிய பிராண்டுகள்தாம் நினைவுக்கு வருகின்றன. 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேஷின் சவாரில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகு, அந்தப் பிராண்டுகளிடம் உலகமே கேள்வி கேட்டது. ஆனால் நம்மூரிலும் ஒரு வாங்குபவர் இருக்கிறார். குப்பை அள்ளும் தொழிலாளிக்குச் சீருடை, மழைக்கோட்டு, சாரதிக்குக் காற்சட்டை என்று வாங்கும் பிரதேச சபைகளும் மாநகர சபைகளும் தாம் அவர். அந்தத் துணியை யார் தைத்தார்கள், என்ன சம்பளத்துக்குத் தைத்தார்கள் என்று அவர்களிடம் கேட்பவர் இல்லை.

இதைக் கேட்ட ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் நோர்த் ஓம்ஸ்டெட் என்ற சிறு நகரம், தொழிலாளரைக் கசக்கிப் பிழியும் வியர்வைக்கூடங்களில் தைத்த உடுப்பை நகரப் பணத்தில் வாங்கக்கூடாது என்று 1997இல் சட்டம் செய்தது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. என் மனதில் அதிகம் தங்கியது மேய்ன் மாநிலத்தின் பாங்கோர். முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். அங்குள்ள ஒரு சமாதானக் குழு எல் சல்வடோரின் காரஸ்கே என்ற கிராமத்தோடு பல ஆண்டுகளாகச் சகோதர உறவு வைத்திருந்தது. தைக்கும் கைகள் இருக்கும் நாட்டில் பழகிய முகங்கள் இருந்ததால், கடையில் தொங்கும் சட்டை அந்தக் குழுவுக்கு வெறும் சட்டையாகத் தெரியவில்லை. 'சுத்தமான உடுப்பு' இயக்கத்தைத் தொடங்கி, 1997இல் நகர சபையில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார்கள். 2001இல் மேய்ன் மாநிலமே அரசுக்கு உடுப்பும் காலணியும் விற்பவர்கள் ஒரு நடத்தைக் கோவையில் கையெழுத்திட வேண்டும் என்று சட்டமாக்கியது. சிறிய ஊர் கேட்ட கேள்விதான் மாநிலத்தின் சட்டமானது. மடுல்கெல்லைக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கர்களின் பாதையில் முள்ளும் இருந்தது. பர்மாவோடு வியாபாரம் செய்யும் கம்பனிகளிடமிருந்து அரசு வாங்குவதைக் கட்டுப்படுத்தி மாசசூசெட்ஸ் 1996இல் செய்த சட்டத்தை, பர்மா பற்றிய மத்திய அரசின் சட்டத்தோடு மோதுகிறது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2000இல் செல்லாததாக்கியது. வியர்வைக்கூட எதிர்ப்புச் சட்டங்கள் எந்த நாட்டின் பெயரையும் சொல்லாமல் வேலைத்தலத்தின் நிலைமையை மட்டும் நிபந்தனையாக வைத்தன. லொஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ இன்னும் ஒரு படி மேலே போய், தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு என்ற சுயாதீன அமைப்புக்குப் பணம் கொடுத்து தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கச் செய்தன. போய்ப் பார்க்க ஆள் இல்லாத நிபந்தனை வெறும் காகிதம் என்பதை அந்த நகரங்கள் விளங்கிக்கொண்டிருந்தன.

இனி நம் பக்கம். ஏற்றுமதிக்குத் தைக்கும் பெரிய தொழிற்சாலைக்கு வெளிநாட்டு ஓடிட்டர் வருகிறார். உள்ளூர் ஓடருக்குத் தைக்கும் சிறிய இடத்துக்கு அவர் வருவதில்லை. மேன்பவர் ஆட்களை நாட்கூலிக்கு எடுத்து, எந்தப் பதிவும் இல்லாமல் வேலை வாங்குவது அங்கே எளிது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். இந்த 15 சதவீதத்தைக் கட்டாமல் விடுபவர் விலைமனுவில் தொகையைக் குறைத்துப் போடலாம். ஒழுங்காகக் கட்டுபவர் தோற்றுப் போவார். ஆகக் குறைந்த விலையை மட்டும் பார்க்கும் சபை, தன்னை அறியாமலே சட்டத்தை மீறுபவருக்குப் பரிசு கொடுக்கிறது. அந்தப் பரிசுப் பணம் ஒரு பிள்ளையின் முதுமைக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்தது.

இதைத் தடுக்கப் புதிய சட்டம் தேவையில்லை. விலைமனு ஆவணத்தில் கேட்ட நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களுக்குள்தான் குறைந்த விலை பார்க்கப்படுகிறது. சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பும் 'சி' படிவத்தின் பிரதி, தைக்கும் இடத்தின் முகவரி, தேசிய குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்கிறோம் என்ற உறுதிமொழி ஆகியவற்றை ஆவணத்தில் சேர்த்தால் போதும். அந்தச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

லயத்தில் ஒற்றை மெஷினோடு தைக்கும் அக்காமார் இந்த நிபந்தனையால் வெளியே தள்ளப்பட மாட்டார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களைக் கொண்டு அரசு தைக்க வைக்கிறது. அதே வழியில், அக்காமார் சங்கமாகச் சேர்ந்தால் சபை அவர்களிடமே நேரடியாக வாங்கலாம். இடையில் ஒப்பந்தகாரர் இல்லாவிட்டால் கூலி முழுதாகக் கைக்கு வரும்.

சபையிடம் இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை உண்டா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குப் போட்டோம், ஆனால் நம் லயத்துப் பாதைக்குச் சபை ஒரு கூடை கல் போட முடியவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சபைப் பணத்தில் பாதை கேட்கும் உரிமை வந்தது போல, அந்தப் பணம் யாருடைய கூலியை விழுங்குகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

2025 மே 6ஆம் திகதி தேர்தலில் நீங்கள் தெரிவு செய்த உறுப்பினரிடம், விலைமனு ஆவணத்தில் சேர்க்க வேண்டிய அந்த மூன்று நிபந்தனைகளையும் மாதாந்த அமர்வில் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாங்கிய சீருடைகளின் தொகை, விலை, விநியோகித்தவரின் பெயர், தைத்த இடம் எல்லாவற்றையும் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவை அவர் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.