குழாயும் கம்பியும்: குடிகளுக்குக் காவல் யார்?

மின்சாரமும் ஜலமும் இன்றி இக்காலத்தில் குடித்தனம் நடவாது. அவற்றை விநியோகிப்பவை பலம் பொருந்திய ஸ்தாபனங்கள்; பெறுவோரோ தனித்தனிக் குடும்பத்தார். இவ்விரு தரத்தாருக்குமிடையே நியாயம் வழங்குவது எங்ஙனம்? இவ்விஷயத்தில் ஐர்லாந்து தேசத்தின் ஏற்பாடு நாம் ஆராயத் தக்கதாகும்.

அங்கே 1999-ஆம் வருஷத்துச் சட்டப்படி மின்சாரத்திற்கென ஒரு கமிஷன் ஏற்பட்டது. பின்னர் எரிவாயுவும், 2014 முதல் ஜல விநியோகமும் அதன் மேற்பார்வைக்குள் வந்தன. கம்பெனியிடம் முறையிட்டுப் பரிகாரம் பெறாதவர் இக்கமிஷனிடம் கட்டணமின்றி விண்ணப்பித்துக் கொள்ளலாம். தன் வழக்கில் தானே நீதிபதியாக எவரும் அமரலாகாது என்பது சட்டத்தின் பாலபாடம். அதனை இவ்வேற்பாடு மெய்ப்பிக்கின்றது.

மின்சாரத்தில் ஒரு கம்பெனி பிடிக்காவிடில் மற்றொன்றை நாடலாம். பொது ஜல விநியோகத்திலோ சர்க்காருக்குச் சொந்தமான ஸ்தாபனம் ஒன்றே உண்டு. அது குடும்பங்களிடம் வசூலிக்க வேண்டிய கட்டணத் திட்டத்தைக் கமிஷன் 2014-இல் அங்கீகரித்தது. ஐரிஷ் மக்கள் பல்லாயிரக் கணக்கில் வீதிகளில் திரண்டு எதிர்த்தனர். 2016-இல் கட்டணம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2017-ஆம் வருஷத்துச் சட்டம் வசூலித்த தொகையைத் திருப்பிக் கொடுக்க வகை செய்தது. கணக்குச் சரியாயிருப்பது வேறு, ஜனங்களின் சம்மதம் வேறு என்பதை இதனினும் தெளிவாக எடுத்துரைப்பது அரிது.

கமிஷனின் விதிகளுள் நாம் மனமாரப் போற்றுவது ஒன்றுண்டு. மின்சாரக் கருவியால் உயிர் தரித்திருப்பவர் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டால், பாக்கிக்காக அவருடைய மின்சாரத்தை ஒருபோதும் துண்டிக்கலாகாது. முதுமையாலோ தேக அசௌக்கியத்தாலோ நலிந்து பதிவு செய்துகொண்டோருக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, கடுங்குளிர்காலம் முழுவதும், அப்பாதுகாப்பு உண்டு.

ஆயினும் இங்கேதான் ஒரு குறையைக் காண்கிறோம். பாதுகாப்பு பதிவு செய்துகொண்டோருக்கே உரியது. விதி இருப்பதையே அறியாத கிழவியின் கதி என்ன? எவர் மிக எளியவரோ, அவரே பெரும்பாலும் விண்ணப்பம் எழுத வகையறியாதவர். ஆதலின் அவரைத் தேடிக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பு கம்பெனியின் தலையிலும், அப்பொறுப்பு நிறைவேறியதா என்று விசாரிக்கும் கடமை கமிஷனின் தலையிலும் இருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. ஒருவர் குறையைத் தீர்ப்பது அவருக்கு நியாயம். அதே குறையை நூறு பேர் சொல்வார்களாயின் நூறு தீர்ப்புகள் போதா; விதியையே திருத்த வேண்டும். புகார்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைப்பது குமாஸ்தா வேலை. அவற்றிலிருந்து சட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதே காவலர் வேலை.

அக்கமிஷனின் செலவுக்கான பணம், அது மேற்பார்க்கும் தொழில்களின் மீது விதிக்கும் தீர்வையிலிருந்தே கிடைக்கின்றது. அது பார்லிமெண்டின் கமிட்டிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது நன்று. தீர்வை செலுத்துவோர் அதன் எஜமானர் அல்லர். அத்தீர்வையும் ஈற்றில் குடிகளின் பில்லிலிருந்து வருவதேயாம். எவர் பணத்தில் காவல் நடக்கிறதோ, அவருக்கே காவல் உரியது.